குசினிக்கு வந்த விருந்தாளி

உண்ணும் பொருளைப் பற்றி இலக்கியப் பக்கத்தில் எழுதுவது தகுமோ என்று ஐயுறும் அன்பர்கள் நம்மிடையே இன்னும் உளர். அவர்களுக்குக் குறுந்தொகையின் 167ஆம் பாடலைச் சுட்டிக் காட்டுவதே என் வழக்கம். கூடலூர் கிழார் பாடிய அச்சிறு பாட்டின் கதை முழுவதும் ஒரு புளிக்குழம்பில் அடங்கியிருக்கிறது. புதுமணம் புரிந்த இளம்பெண் கட்டித் தயிரைத் தன் விரலாற் பிசைகிறாள். விரலைத் துடைத்த ஆடையை மாற்றவும் நில்லாமல், தாளிப்புப் புகை கண்ணிற் படத் தானே துழாவிச் சமைக்கிறாள். கணவன் உண்டு சுவையைப் பாராட்டுகிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. இதனைக் கண்டு வந்த செவிலி நற்றாய்க்கு எடுத்துரைக்கிறாள்.

மணவாழ்வின் இனிமையைக் காட்ட வந்த புலவர் இனிப்பைத் தெரியாமற் புளிப்பைத் தெரிந்தெடுத்தது ஏன்? எனக்குத் தோன்றும் விடை இது. இனிப்பு, சமைப்பவரின் பிழையைப் பொறுக்கும். சற்றுக் கூடினும் குறையினும் உண்ணலாம். புளிப்போ பொறாது. ஒரு துளி மிகுந்தாற் பல் கூசும். ஒரு துளி குறைந்தாற் சப்பென்றிருக்கும். ஆகவே புளிப்பை அளவோடு அமைத்தவள் அடுக்களையின் கடைசித் தேர்வில் தேறியவள் ஆகிறாள். இக்கட்டுரையும் புளிப்பைப் பற்றியதே. குறிப்பாக, பொரித்த மீனுக்குத் துணையாக வைக்கும் புளிப்பைப் பற்றியது.

மீனைச் சுட்டுத் தின்பது தமிழர்க்குப் பழைய வழக்கம். எயிற்பட்டினத்துக் கடற்கரையிற் பாணர்க்குக் குழல்மீனைச் சுட்டு விருந்திட்ட செய்தியைச் சிறுபாணாற்றுப்படை கூறும். மீனை உண்ட எந்த மக்களும் அதற்கு ஒரு துணையையும் தேடியே இருக்கின்றனர். மேனாட்டவர் தேடிக் கண்ட துணைகளுள் இன்று உலகெங்கும் பரவி நிற்பது 'தார்த்தார் சோஸ்' என்பது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள பெரிய உணவுச்சாலைகளிற் பொரித்த மீன் கேட்டால், பக்கத்தே ஒரு சிறு கிண்ணத்தில் வெண்மஞ்சள் நிறமாய், இடையிடையே பச்சைத் துணுக்குகள் தெரிய வருகிறதே, அதுவேதான். போத்தலிலும் விற்பனையாகிறது.

பெயரைக் கேட்டு, நடு ஆசியாவிற் குதிரையேறித் திரிந்த தார்த்தாரியர் ஆக்கிய பண்டம் இதுவென்று மயங்கற்க. பெயரைச் சூட்டியவர்கள் பிரெஞ்சுச் சமையற்காரர்கள். 'சோஸ்' என்னும் சொல்லோ, 'உப்பிட்டது' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லொன்றின் வழிவந்தது. 1903ஆம் ஆண்டில் எஸ்கோபியே என்னும் புகழ்பெற்ற சமையல் ஆசிரியர் வெளியிட்ட பெருநூலிலும் இச்சாற்றுக்கு இடமுண்டு. அவித்த முட்டையின் மஞ்சட்கருவை மசித்து, எண்ணெயும் வினாகிரியும் சேர்த்து, வெங்காயத்தாளின் மணத்தை ஊட்டுவது அவர் முறை. இக்காலத்தில் பெரும்பாலோர் செய்வது வேறு. பச்சை மஞ்சட்கருவில் எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு அடித்து மயோனைஸ் என்னும் வெண்ணெய் போன்ற கூழை முதலில் ஆக்கிக்கொள்கின்றனர். அதனுள் வினாகிரியில் ஊறிய வெள்ளரிப்பிஞ்சையும், கேப்பர் என்னும் மொட்டுகளையும், வெங்காயத்தையும், கீரைத் தழையையும் பொடியாக அரிந்து கலக்கின்றனர்.

இங்கே மாணவ அன்பர்கள் சற்று நின்று கவனிக்கவேண்டும். எண்ணெயும் நீரும் ஒட்டா என்பது பழமொழி அளவில் நாம் அறிந்த உண்மை. அப்படியிருக்க, எலுமிச்சைச் சாற்றிலும் மஞ்சட்கருவிலும் உள்ள நீரோடு அதனினும் பன்மடங்கான எண்ணெய் எவ்வாறு கூடி நிற்கிறது? மஞ்சட்கருவிலே லெசித்தின் என்னும் பொருள் உண்டு. அதன் அணுத்திரளின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். எண்ணெயைத் துளித்துளியாக விட்டு விடாது அடிக்கும்போது, நுண்ணிய எண்ணெய்த் துளிகள் ஒவ்வொன்றையும் இது சூழ்ந்து நின்று, அவை ஒன்றோடொன்று சேரவொட்டாமற் காக்கிறது. இவ்வாறு அமைந்த கலவையை விஞ்ஞான நூலார் பால்மம் என்பர். அவசரப்பட்டு எண்ணெயை ஒரேயடியாக ஊற்றினாற் காவலர் போதாமற் போவர். துளிகள் கூடிப் பெருகிக் கூழ் திரைந்து எண்ணெய் வேறாய்ப் பிரியும். பகைவர் இருவரை ஒரு பந்தியில் இருத்தும் வேலையில் அவசரம் ஆகாது.

மீனுக்குப் புளிப்பு ஏன் என்ற வினாவுக்கும் விடை உண்டு. கடல்மீன் உப்புநீரில் வாழ்வதால், தன் உடலின் நீரை இழந்துவிடாதிருக்கத் தசையிலே ஒரு பொருளைச் சேர்த்து வைத்திருக்கிறது. மீன் இறந்தபின் நுண்ணுயிர்கள் அப்பொருளைச் சிதைத்து மும்மெதைல் அமீன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. நாம் 'வெடுக்கு' என்பது பெரும்பாலும் அதன் நாற்றமே. அது காரத்தன்மை உடையது. அதன்மேல் அமிலத்தன்மை வாய்ந்த தேசிக்காய்ச் சாறோ பழப்புளியோ வினாகிரியோ பட்டால் இரண்டும் கூடி உப்பாகிவிடும். உப்பானது காற்றில் எழாது. ஆதலின் நாற்றம் மூக்கை எட்டாது. அன்றியும், பொரித்த மீனின் எண்ணெய்ப் பிசுக்கு நாவிற் படிந்து சுவையை மங்கச் செய்யும்போது, புளிப்பு வாயூறச் செய்து அதனைக் கழுவிவிடுகிறது. மீன் கழுவும்போது தேசிக்காய்ப் பாதியால் உரசிய நம் பாட்டிமார் இந்த இரசாயனத்தைப் படித்தவர்கள் அல்லர். ஆனால் அதனைப் பயன்படுத்தத் தவறியவர்களும் அல்லர்.

இனி எங்கள் தீவகத்துக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் இத்தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் நாட்டு ஊர்ப்பெயர்களையே சூட்டினர். வேலணையும் ஊர்காவற்றுறையும் அமைந்த தீவு லைடன் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், காரைநகர் அம்ஸ்ரடாம், நெடுந்தீவு டெல்வ்ற். இவற்றுள் டெல்வ்ற் என்ற பெயரே அரச ஏடுகளில் இன்றும் நிலைத்திருக்கிறது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலின் நடுவில் நிற்கும் கோட்டைக்கு அவர்கள் இட்ட பெயரோ ஒரு சமையற் பெயர். இலங்கைத் தீவு அவர்கள் கண்ணுக்குப் பன்றித் தொடையிறைச்சி போலத் தோன்றிற்றாம். அத்தொடையின் குதிப்பகுதியில் அமைந்தது என்று இக்கோட்டையை 'ஹமன்ஹீல்' என்றழைத்தனர். ஒரு நாட்டைப் படத்திற் பார்க்கும்போதே இறைச்சித் துண்டாகக் கண்டவர்களின் பசியை என்னென்பது!

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தர் அவர்களை வென்றனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் வந்தனர். வந்தவர்கள் நம் அடுக்களையிற் பல சொற்களை விட்டுச் சென்றார்கள். அடுக்களையே 'குசினி' ஆயிற்று. மேசை, அலுமாரி, கோப்பை, பாண், வினாகிரி ஆகியவை எல்லாம் போர்த்துக்கேயர் வழி வந்தவை. அமெரிக்காக் கண்டத்து மிளகாயும் அவர்கள் கப்பல்களிலேயே கீழைநாடுகளுக்கு வந்தது. இன்று மிளகாய் இல்லாத யாழ்ப்பாணக் கறியை எண்ணிப் பார்க்க முடியுமா? 'சம்பல்' என்ற சொல்லும் மலாய் மக்களின் மொழியோடு உறவுடையது என்பர். எனவே, நம் குசினியின் வாயில் அந்நியர்க்கு என்றும் அடைத்திருந்ததில்லை. எனினும் தார்த்தார் சோஸ் மட்டும் அவ்வாயிலைத் தாண்டி வந்ததாக நான் அறியேன். என் இளமையில் தீவகத்து வீடொன்றிலும் அதனை நான் கண்டதில்லை. அது துரைமாரின் மேசையோடும் வாடிவீட்டோடும் நின்றுவிட்டது.

அதற்குக் காரணம் வெறுப்பன்று. அந்த ஆசனம் ஏற்கெனவே நிறைந்திருந்தது என்பதே. அறக்குளாவோ விளைமீனோ பாரையோ பொரித்துச் சோற்றோடு வைக்கும்போது எங்கள் வீடுகளில் மூன்று துணைகள் உண்டு. முதலாவது, செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் உப்பும் அம்மியில் வைத்து இடித்தரைத்துத் தேசிக்காய்ப் புளி பிழிந்த சம்பல். இரண்டாவது, சின்ன வெங்காயத்தையும் பச்சைமிளகாயையும் வினாகிரியில் ஊறவைத்து அரைத்த கடுகு சேர்த்த அச்சாறு. மூன்றாவது, எல்லாவற்றினும் மென்மையான சொதி. நயினாதீவிலே நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் மீன் விலக்கப்பட்டிருக்கும் வீடுகளிலும் இம்மூன்றுக்கும் விலக்கில்லை. மணிமேகலைக் காவியத்து மணிபல்லவம் அந்நயினாதீவே என்பது ஒரு சாரார் கொள்கை. கோமுகிப் பொய்கையில் அமுதசுரபி வெளிப்பட்ட இடம் அது என்றால், உணவைப் பற்றிய பேச்சுக்கு எங்கள் தீவகத்தைவிடப் பொருத்தமான இடம் வேறெது?

சொதியைப் பற்றிச் சற்று விரித்துரைக்கவேண்டும். என் கட்டுரையின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. தேங்காய்ப்பால் என்பது என்ன? தேங்காயின் எண்ணெய், நுண்துளிகளாக நீரிலே மிதப்பது. அத்துளிகளைச் சேரவொட்டாமற் காத்து நிற்பவை தேங்காயின் புரதங்கள். அஃதாவது, தேங்காய்ப்பாலும் ஒரு பால்மமே. மயோனைஸ் சமையற்காரர் கையால் அடித்து உண்டாக்குவதைத் தென்னை தன் காய்க்குள்ளே பாதி செய்து வைத்திருக்கிறது. நாம் துருவிப் பிழிந்து மீதியை முடிக்கிறோம். அதிலே வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்திட்டுப் புளிப்புச் சேர்த்தால் என்ன ஆகிறது? எண்ணெய்ப் பால்மம், புளிப்பு, அரிந்த பச்சைத் துணுக்குகள்! தார்த்தார் சோஸின் இலக்கணம் முழுவதும் சொதியில் இருக்கிறது. ஒன்று முட்டையின் மகள், மற்றது தேங்காயின் மகள்; இருவரும் மாறாக் குணமுடைய ஒன்றுவிட்ட சகோதரிகள்.

இவ்வுறவை நான் நூலிற் படித்து அறிந்ததில்லை. கண்ணாற் கண்ட ஒரு நிகழ்ச்சியே எனக்கு இதனை உணர்த்திற்று. ரொறன்ரோவில் வளர்ந்த என் பெறாமகள் ஒருமுறை விடுமுறைக்கு வந்திருந்தாள். நெடுந்தீவில் வாழும் என் தமக்கையாரைப் பார்க்கக் குறிகட்டுவானில் வள்ளமேறி இருவரும் போனோம். அக்காவுக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. பனைகள் நிறைந்த அத்தீவிலே, பவளக்கற்களை அடுக்கிய வேலி சூழ்ந்த வளவில், அவர் தம் அடுப்பைத் தாமே மூட்டிக்கொண்டிருக்கிறார். காலையில் வந்த விளைமீனைக் கண்டதும் பெறாமகளுக்கு ஓர் ஆசை எழுந்தது. "மாமி, இண்டைக்கு நான் ஒரு சோஸ் செய்து தாறன்" என்றாள். அக்கா மறுக்கவில்லை. கோழிக்கூட்டிலிருந்து முட்டை வந்தது. கடையிலிருந்து சூரியகாந்தி எண்ணெய் வந்தது.

அவள் மஞ்சட்கருவை ஒரு பீங்கானிலிட்டு அடிக்கத் தொடங்கினாள். அங்கே இயந்திரம் இல்லை, ஒரு முள்ளுக்கரண்டிதான். கை நொந்ததோ என்னவோ, எண்ணெயைச் சற்று வேகமாகச் சரித்தாள். நொடிப்பொழுதிற் கூழ் திரைந்து, எண்ணெய் மேலே மினுங்கிற்று. அருகே குந்தியிருந்து பார்த்த அக்கா, "உது பால் திரைஞ்ச மாதிரியெல்லோ கிடக்கு, பிள்ளை!" என்றார். பெறாமகள் நகைத்து, இன்னொரு மஞ்சட்கருவை வேறு பீங்கானில் எடுத்து, திரைந்ததைத் துளித்துளியாக அதனுள் விட்டு அடித்தாள். மெல்ல மெல்லக் கூழ் பழையபடி கூடிற்று. அக்கா அதைக் கண்கொட்டாமற் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சொதியும் உப்பிடித்தான். கொதிக்கேக்கை தேசிக்காய்ப் புளி விட்டாத் திரைஞ்சிடும். இறக்கிப்போட்டு, சூடு கொஞ்சம் ஆறினாப் பிறகுதான் விடோணும். அவசரப்பட்டா எல்லாம் போச்சு" என்றார்.

எழுத்தறிவு அதிகம் இல்லாத ஒரு மூதாட்டி, தாம் முன் ஒருபோதும் கண்டிராத ஒரு பிரெஞ்சுச் சாற்றைக் கண்ட முதல் வேளையிலேயே அதன் அடிப்படை விதியை இனங்கண்டுகொண்டார். கொதிப்பும் புளிப்பும் ஒருங்கே தாக்கினாற் பாலைக் காக்கும் புரதங்கள் நிலைகுலையும் என்பதை விஞ்ஞான மாணவர் பரீட்சைத்தாளில் எழுதுவர். அக்கா அதனை அடுப்படியில் எழுதியிருந்தார், அவ்வளவே வேறுபாடு.

அன்று மீனோடு இரண்டு துணைகளும் பரிமாறப்பட்டன. சோஸை விரலால் தொட்டு நாவில் வைத்த அக்கா, "குறையில்லை, ஆனா உறைப்புக் காணாது" என்று தீர்ப்புக் கூறினார். பெறாமகள் சொதியை இரண்டாம் முறையும் வாங்கி உண்டாள். பின்பு, "மாமி, இதுக்கு எவ்வளவு தேசிக்காய்ப் புளி விட்டனீங்கள்?" என்று கேட்டாள்.

"அதுக்கு அளவு ஏது? கைக்குத் தெரியும்."

எத்தனையோ வீடுகளில் எத்தனையோ மகளிர் கேட்டுச் சலித்த விடை இது. பெரும்பாலோர் இவ்விடத்தோடு நிறுத்திவிடுவர். பெறாமகள் நிறுத்தவில்லை. மறுநாள் தேசிக்காய்களைத் தானே பிழிந்து, சாற்றைக் கரண்டியால் அளந்து ஒரு கோப்பையில் வைத்து, அக்காவிடம் கொடுத்தாள். அக்கா தம் மனம்போல் ஊற்றியபின் மிஞ்சியதை மீண்டும் அளந்தாள். மூன்று நாள் இவ்வாறு செய்தாள். முதல்நாள் மூன்றரைத் தேக்கரண்டி; இரண்டாம் நாளும் மூன்றரை; மூன்றாம் நாள் நான்கு. "பார்த்தாயா, கை தவறிவிட்டதே!" என்றேன் நான். அவள் தன் குறிப்பேட்டைப் புரட்டி, "இல்லைச் சித்தப்பா, இண்டைக்குத் தேங்காய் பெரிசு, பால் தடிப்பு" என்று காட்டினாள். பால் தடித்ததைக் கண் சொல்ல, கை அரைக் கரண்டியைக் கூட்டியிருக்கிறது! கைப்பதம் என்பது அளவின்மையன்று, சொல்லாகாத அளவு. அளக்கும் கருவி ஒருவரின் கையோடு ஒட்டியிருப்பதால் மற்றவர்க்கு அது தெரிவதில்லை.

செய்துபார்க்க விரும்பும் அன்பர்களுக்காக இரண்டையும் இங்கே தருகிறேன். முதலிற் சொதி. அரைமுறித் தேங்காயைத் துருவி, தடித்த முதற்பால் ஒரு கோப்பையும் இரண்டாம் பால் இரண்டு கோப்பையும் பிழிந்துகொள்க. சின்ன வெங்காயம் எட்டு, பச்சைமிளகாய் நான்கு, கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை வெந்தயம், கால் தேக்கரண்டி மஞ்சள், உப்பு ஆகியவற்றை இரண்டாம் பாலில் இட்டு, வெங்காயம் அவியும்வரை காய்ச்சுக. பின் முதற்பாலை விட்டு, விடாது துழாவி, ஓரங்கள் நுரைக்கத் தொடங்கியதும், கொதிக்கவிடாமல் இறக்குக. சற்று ஆறியபின் தேசிக்காய்ச் சாறு மூன்றரைத் தேக்கரண்டி விட்டுக் கலக்குக. அவ்வளவே.

தார்த்தார் சோஸுக்கு வேண்டுவன: ஒரு முட்டையின் மஞ்சட்கரு, அரைத் தேக்கரண்டி அரைத்த கடுகு, கால் தேக்கரண்டி உப்பு, மூன்று தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, 150 மில்லிலீற்றர் மணமற்ற எண்ணெய். நல்லெண்ணெய் தன் மணத்தால் மற்றவற்றை அமுக்கிவிடும். தேங்காயெண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவிலேயே உறையத் தொடங்குமாதலால், குளிர்ப்பெட்டியில் வைத்தவுடன் கூழைக் கெடுக்கும். மஞ்சட்கரு, கடுகு, உப்பு, ஒரு தேக்கரண்டிச் சாறு ஆகியவற்றைச் சேர்த்தடித்து, எண்ணெயை முதலில் துளித்துளியாகவும், கூழ் தடித்தபின் நூல்போலவும் விட்டு அடிக்க. கடைசியில் மிகுதிச் சாற்றைச் சேர்க்க. கடுகு வாசனைக்கு மட்டுமன்று. எண்ணெயையும் நீரையும் இணைப்பதற்கும் அது துணைசெய்யும்.

கலக்கவேண்டிய துணுக்குகளுக்குப் பிறநாட்டுப் போத்தல்களைத் தேடவேண்டியதில்லை. நம் அச்சாற்றிலிருந்து எடுத்த வெங்காயமும் பச்சைமிளகாயும் பொடியாக அரிந்தது இரண்டு மேசைக்கரண்டி. உப்பிட்டுப் பிழிந்த வெள்ளரிப்பிஞ்சு ஒரு மேசைக்கரண்டி. அரிந்த வெங்காயத்தாள் ஒரு மேசைக்கரண்டி போதும். அக்கா கண்ட உறைப்புக் குறையும் இதனால் தீரும். கேப்பர் என்பது மத்தியதரைக் கடலோரத்துச் செடியொன்றின் மலராத மொட்டு. நம் வறண்ட நிலத்து முட்பற்றைகளிற் படரும் ஆதொண்டை அதே இனத்தைச் சேர்ந்தது. தாவரநூலார் அதற்கு இட்ட பெயரிலே இலங்கையின் பெயரும் சேர்ந்திருக்கிறது. அதன் காயை வற்றலிட்டு உண்பது தமிழகத்தில் வழக்கம். உறவினர் உலகெங்கும் இருக்கின்றனர். நாம்தாம் முகம் அறியாதிருக்கிறோம்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே கூறியாகவேண்டும். பச்சை முட்டையில் நோய்க்கிருமிகள் இருத்தல் கூடும். எனவே புதிய முட்டையையே எடுத்து, ஓடு கழுவி உலர்த்தியபின் உடைத்து, ஆக்கிய சாற்றைக் குளிர்ப்பெட்டியில் வைத்து அன்றே உண்டு முடிக்கவேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் ஆகியோருக்கு எஸ்கோபியேயின் அவித்த முட்டை முறையே உகந்தது. இரண்டு அவித்த மஞ்சட்கருவை நன்கு மசித்து, உப்பும் மிளகும் சேர்த்து, எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டுக் குழைத்து, வினாகிரியால் இளக்கிக்கொண்டாற் போதும். அக்காவுக்கு மறுமுறை அவ்வாறே செய்து கொடுத்தோம்.

இவ்வளவு சிறிய பொருளுக்கு இத்தனை விரிவு எதற்கு என்று கேட்பீர்களாயின், அதற்கும் மறுமொழி உண்டு. 1990ஆம் ஆண்டிலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் போரினால் தீவகத்து மக்களிற் பெரும்பகுதியினர் ஊர்விட்டுப் பெயர்ந்தனர். பலர் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கொழும்பிலும் குடியேறினர். பலர் கடல் கடந்தனர். போகும்போது காணி உறுதியை எடுத்துச் சென்றவர் உண்டு. நகையை எடுத்துச் சென்றவர் உண்டு. சமையலை மட்டும் யாரும் மூட்டை கட்டவில்லை. அது கையிலேயே இருந்தது. அந்தக் கைகள் இப்போது ஒவ்வொன்றாக ஓய்ந்து வருகின்றன. மேனாட்டுச் சாற்றுக்கு 1903இலேயே அச்சேறிய விதி இருந்தது. ஆதலால் ரொறன்ரோவில் வளர்ந்த ஒரு பெண் அதனை நெடுந்தீவில் ஆக்கிக் காட்ட முடிந்தது. எங்கள் தீவகத்துச் சொதிக்கோ, அக்காவின் கையளவு மட்டுமே சான்று. ஒரு பண்டம் ஊரூராகப் பயணம் செய்வதற்கு அது சுவையாயிருந்தாற் போதாது. யாரேனும் அதனை அளந்து எழுதியிருக்கவும் வேண்டும்.

நம் முன்னோர் ஏடுகளைத் தேடி அச்சேற்றிய வரலாறு நமக்குப் பெருமை தருவது. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்துக் கிடந்த சுவடிகளைத் திரட்டிப் பதிப்பித்ததனாலன்றோ 1887இல் கலித்தொகை நூலாக வெளிவந்தது! அடுக்களையிலும் அத்தகைய ஏடுகள் கிடக்கின்றன. அவற்றைச் செல் அரிப்பதில்லை, முதுமை அரிக்கிறது.

ஆசிரியர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் எளிது. மனையியல் வகுப்பிலாயினும் விஞ்ஞான வகுப்பிலாயினும், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பணியைக் கொடுங்கள். தம் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவர் சமைக்கும் ஒரு பண்டத்தை மூன்று நாள் அருகிருந்து பார்க்கட்டும். எடுத்த பொருளை முன்னும் பின்னும் அளக்கட்டும். வேறுபாடு வந்தால் ஏன் வந்தது என்று கேட்டு எழுதட்டும். மீன் எது, காய் எது, எந்த மாதம், எந்தத் தீவு என்பவற்றையும் குறிக்கட்டும். சமைப்பவர் வாயில் வரும் சொல்லை அப்படியே பதியட்டும். 'திரைதல்' என்ற ஒரு சொல்லில் எவ்வளவு விஞ்ஞானம் அடங்கியிருக்கிறது என்பதை மேலே கண்டோம். இதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு தேக்கரண்டியும் ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும்.

புதிய விருந்தாளியை வரவேற்பதில் எனக்குத் தடையில்லை. தார்த்தார் சோஸ் நல்ல பண்டமே. நாளை தீவகத்துப் பிள்ளைகள் அதனை வீட்டிலேயே செய்து உண்டால் மகிழ்வேன். ஆனால் விருந்தாளிக்கு இலை போடும்போது வீட்டாளின் பெயரும் முகவரியும் எங்கோ எழுதப்பட்டிருக்கவேண்டும். என் பெறாமகளின் குறிப்பேட்டிற் சொதிக்கு ஒரு பக்கம் இப்போது இருக்கிறது. அதிலே, மூன்றரைத் தேக்கரண்டி என்பதன் எதிரே, பால் தடித்தால் நான்கு என்று எழுதி வைத்திருக்கிறாள்.